மேளத்துக்குப் பின்னால் நின்றவர்கள்

மாலை ஐந்து மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது தவிலின் மேல் போர்த்தியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் சாக்கு. ஆடி மாதம். குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையை ஒட்டிய ஒரு சின்ன அம்மன் கோவிலில் கொடை, அதாவது வருடத் திருவிழா. சாரல் விழுந்துகொண்டிருந்தது. தகரப் பந்தல் கோவில் வாசலிலிருந்து பாதி தூரம்தான் வந்திருந்தது. மீதிப் பாதி வெறும் கருங்கல் தளம், நனைந்து பளபளத்துக் கிடந்தது. தவில்காரர் சாக்கை எடுத்துவிட்டுத் தோலைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார். ஈரத்தில் தோல் தொய்ந்துபோகும். வாரை இழுத்து முறுக்கிக் கட்ட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்க்காத பலர் அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போயிருந்தோம். நாங்கள் என்றால் நையாண்டி மேள ரசிகர்கள். தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தக் கோவிலில் கொடை, எந்தச் செட்டு வாசிக்கிறது என்று தேடிப் போய்க் கேட்கிறவர்கள். ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார், மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர் இருக்கிறார், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், இலத்தூரில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர் இருக்கிறார்கள். நான் திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குத்துக்கல்வலசையில் குடியிருக்கிறேன். குழுவின் அட்மின் தென்காசியில் மொபைல் கடை நடத்துகிறார். வயது நாற்பது இருக்கும். கொடைகளில் எடுக்கும் வீடியோவைப் போடுவதற்கு அவருக்கு ஒரு யூடியூப் சேனலும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் கூடுவோம். பேச்சு பெரும்பாலும் சண்டைதான்.

"அவிய செட்டுல நாதஸ்வரம் நல்லாத்தான் இருக்கு. பம்பக்காரன்தான் தூங்குதான்."

"நீரு எந்தக் கொடையில வே கேட்டீரு? செங்கோட்டைப் பக்கம் வந்து கேளும். உம்ம தூக்கம் போயிரும்."

"போன ஆவணிக்கு வந்தேம்லா."

"எங்க வந்தீரு? வேன்ல உம்ம சீட்டுல நான்லா கால நீட்டிப் படுத்துட்டு வந்தேன். வீடியோவுல பாத்துட்டு வந்து பேசுதாரு ஆளு."

வீடியோவில் பார்த்துவிட்டுப் பேசுகிறான் என்பது எங்களுக்குள் பெரிய ஏச்சு. அப்படிச் சொல்லிவிட்டால் ஆள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். நேரில் நின்று கேட்டவனுக்குத்தான் பேச உரிமை. இந்த ஒரு விதிக்காகவே அந்தக் குழுவை எனக்குப் பிடித்திருந்தது.

எங்களில் பெரும்பாலோருக்குப் பிடித்த செட்டு ஒரு பெண் நடத்துவது. நாதஸ்வரம் அவர்தான் வாசிப்பார். அவருடைய தம்பி இரண்டாவது நாதஸ்வரம். இரண்டு தவில், பம்பை, தாளம். சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஒரு மதியக் கொடையில் அவரைக் கேட்டதைப் பற்றி நாங்கள் இன்னமும் பேசுவோம். பாதியில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மைக் செத்துவிட்டது. வேறு செட்டாக இருந்தால் தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அவர் ஊதுவதை நிறுத்தாமல் மேடையை விட்டு இறங்கினார். கூட்டம் வழி விட்டது. சூரியகாந்தித் தோட்டத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் போனைக் கீழே இறக்கிவிட்டு வரப்பு ஏறி வந்தார்கள். நாதநாமக்கிரியை ராகத்தில் ஆரம்பித்து, அதை அப்படியே இழுத்துக்கொண்டு போய்ச் சாமியாடி கேட்கும் கொட்டுத் தாளத்தில் சேர்த்தார். வெயிலில் அவருடைய கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அட்மின் என் பக்கத்தில்தான் நின்றார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மேல என்ன அண்ணாச்சி வேணும், சொல்லுங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அந்த மனிதரைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கொடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. சாமி வந்து ஆடும்போது மேளக்காரர்கள் சாமியாடிக்கு முதுகைக் காட்டக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டே பின்னோக்கி நடக்க வேண்டும். கண்ணும் வாயும் கையும் முன்னால் இருக்கும். கால் மட்டும் பின்னால் போகும். ஆகவே மேளத்துக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். குழந்தை நின்றால்கூட யாராவது இழுத்து ஓரத்தில் விடுவார்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அட்மின் முதலில் சொல்லும் புத்தியும் இதுதான்.

அன்று குற்றாலத்தில் வாசித்ததும் அந்தப் பெண்ணின் செட்டுதான். சாமி வந்தது. மேளம் பந்தலுக்குள்ளிருந்து மெல்லப் பின்வாங்கி வெளித்தளத்துக்கு வந்துகொண்டிருந்தது. அட்மின் அந்த ஈரக்கல்லின் நடுவில் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து அதில் கேமராவை மாட்டினார். கையில் போனும் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஸ்டாண்ட எடு. அவிய பின்னாக்க வாராவ" என்றேன்.

"ரெண்டே நிமிசம் அண்ணாச்சி. இங்கன வச்சாத்தான் சாமி மூஞ்சி நேரா கெடைக்கும்."

"கால்ல தட்டும்லே."

"நான் பாத்துக்கிடுதேன், நீங்க பாட்டக் கேளுங்க."

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரம் வாசித்த அந்த அம்மாவின் குதிகால் ஸ்டாண்டின் ஒரு காலில் இடித்தது. ஸ்டாண்டு சரிந்து கேமராவோடு கல்லில் விழுந்தது. அவர் தடுமாறி ஓரெட்டு பக்கவாட்டில் வைத்தார். ஈரம் வழுக்கியது. நாதஸ்வரம் வாயை விட்டு விலகிக் கீச்சென்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தம்பி விடாமல் வாசித்தார். தவில் நிற்கவில்லை. விழுந்ததில், ஊதுவதற்குச் செருகியிருந்த நாணல் சீவாளி நசுங்கிப் போயிருந்தது. அந்த அம்மா நாதஸ்வரத்தின் கழுத்துக் கயிற்றில் தொங்கிய வேறு சீவாளியை எடுத்து உமிழ்நீரில் நனைத்துப் பொருத்தி, எழுந்து, விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. சாமியாடிக்கு எதுவும் தெரியவில்லை. அட்மின் கேமராவை எடுத்து லென்ஸைத் துடைத்தார்.

மறுநாள் காலை குழுவில் ஒரு வீடியோ வந்தது. அட்மின் போட்டது. சேனலிலும் அதுவே. பதினோரு விநாடி. கையில் இருந்த போனில் எடுத்தது. இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும்படி வெட்டியிருந்தார். அந்த அம்மா தடுமாறுவதில் ஆரம்பித்து, தரையில் உட்காருவதோடு முடிந்துவிட்டது. ஸ்டாண்டு இல்லை. இடித்தது இல்லை. எழுந்து வாசித்ததும் இல்லை. மேலே, "அக்காவுக்கு இன்னைக்கு சரக்கு ஓவர்" என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக.

முப்பது வருடம் மற்றவர்கள் எழுதிய தலைப்புகளைத் திருத்திய ஆள் நான். பொய்யான தலைப்பு எத்தனையோ பார்த்திருக்கிறேன். தெரியாமல் எழுதியவை, அவசரத்தில் எழுதியவை, யாரோ சொன்னதை நம்பி எழுதியவை. தன் ஸ்டாண்டால் ஒருவரை விழ வைத்துவிட்டு, அவர் குடித்திருந்தார் என்று தலைப்புப் போட்டவரை நான் பார்த்ததில்லை.

குழுவில் உள்ளவர்கள் சிரித்தார்கள். பட்டாளத்துக்காரர், "பொம்பளைக்கு இது தேவையா" என்று போட்டார். பேராசிரியர் கட்டை விரலை உயர்த்தினார். அன்று வேனில் வராதவர்கள்தான் அதிகம் எழுதினார்கள். வீடியோவில் பார்த்துவிட்டுப் பேசாதே என்று யாரும் யாரையும் ஏசவில்லை. வேனில் வந்து, கண்ணால் பார்த்து, ஸ்டாண்டு விழுந்த சத்தத்தைக் காதால் கேட்டவர்களும் சிரித்தார்கள்.

இதே குழுவில் ஆண் தவில்காரர்கள் தள்ளாடிக்கொண்டு வாசித்த வீடியோக்கள் வந்திருக்கின்றன. "அண்ணன் செம மூடு", "இன்னைக்குத்தான் கை பேசுது" என்று அவற்றுக்குக் கீழே எழுதியவர்களும் இவர்கள்தான். அந்த அம்மா குடிக்கிறவர் இல்லை. கொடை பேசினால் சாமியாடியைப் போலவே விரதம் இருந்து வருகிறவர். அதுவும் இவர்களுக்குத் தெரியும். வேனில் அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டு வந்ததே இவர்கள்தான்.

நான் குழுவில், "ஸ்டாண்டு இடித்து விழுந்தார். நான் பார்த்தேன். வீடியோவை எடுங்கள்" என்று எழுதினேன். அதற்குக் கீழே யாரோ குற்றாலத்தில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேட்டார்கள். மெயின் அருவியில் குளிக்க விடுகிறார்களா என்று இன்னொருவர். பேச்சு அங்கே போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, நீங்க அங்கன நின்னிய. பாத்திய."

"பாத்தேம்மா."

"ஆவணிக் கொடைக்காரவ கூப்பிட்டாவ. இந்த வருசம் நீங்க வர வேண்டாம்ங்காவ. வெத்தல குடுத்துட்டுப் போன ஆளே போன்ல சொல்லுதாரு. விரதங்கெட்ட மேளத்த சாமி முன்னால எப்படி நிறுத்தங்காரு. நான் யாருட்ட போயி என்னன்னு சொல்ல?"

இங்கே கொடைக்கு ஒரு செட்டைப் பேசினால் வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். வாங்கிவிட்டால் மேளக்காரர் அந்தத் தேதியில் வேறு ஊருக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. கொடுத்தவரும் மாறக் கூடாது. ஆவணிக் கொடை செங்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில். அந்த அம்மா பத்து வருடத்துக்கு மேலாக வாசிக்கிற கோவில். அந்தக் கொடையைப் பார்த்துத்தான் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் அடுத்த வருடத்துக்குச் செட்டு பேசுவார்கள். அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாகச் சொல்லும்.

"எடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றார். "எம்மவ சடங்குக்கு வந்து மொத பந்தியில உக்காந்து தின்னுட்டுப் போன பய. போன வச்சுக்கிட்டு பின்னால நிக்கானேன்னு தம்பி அப்பவே சொன்னான். நாந்தான், நம்ம பிள்ளைய, இருக்கட்டும்னேன். நீங்க வந்து கமிட்டியில சொல்லுதியளா, மாட்டியளா?"

சொல்லுகிறேன் என்றேன்.

அந்த ஊர்க் கோவில் கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கொடைகளில் நான் வீடியோ எடுப்பதில்லை. ஒலியை மட்டும் பதிவு செய்வேன், சட்டைப் பையில் போனை வைத்தபடி. அன்றைய பதிவு இருந்தது. போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாதஸ்வரம் ஓடுகிறது. நான் ஸ்டாண்டை எடுக்கச் சொல்வதும் அட்மின் பதில் சொல்வதும் கேட்கிறது. பிறகு உலோகம் கல்லில் விழும் சத்தம். அதற்குப் பிறகுதான் அந்தக் கீச்சு.

"சத்தம் மொதல்ல, தடுமாறுனது ரெண்டாவது" என்றார். வேலைப் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. "சரி சார். அவ குடிக்கல. நான் நம்புதேன்."

"அப்ப கொடைக்குக் கூப்பிடலாம்லா?"

"நான் நம்பி என்ன செய்ய? ஊருல அத்தன பயலும் போன்ல பாத்துட்டான். நீங்க ஒவ்வொருத்தன் காதுலயும் இத வச்சுக் காட்டுவியளா?"

"எடுத்தவரே சொன்னா?"

"சொல்லச் சொல்லுங்க. எங்க போட்டானோ அங்கனயே. என் ஸ்டாண்டு இடிச்சுத்தான் விழுந்தாவன்னு அவன் வாயால சொல்லட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னாமுன்னா அவ செட்டுதான். இல்லன்னா நாங்க வேற பாக்கணும், நாளு இல்ல."

நேராகத் தென்காசிக்கு, அட்மின் கடைக்குப் போனேன். கடையில் அவர் தனியாகத்தான் இருந்தார். விவரம் சொன்னேன்.

"நான் என்ன, அவிய பேரச் சொல்லியா போட்டேன்?" என்றார்.

"மூஞ்சி தெரியுதே, பேரு எதுக்கு?"

"சும்மா தமாசுக்கு அண்ணாச்சி. எல்லாருந்தான சிரிச்சிய. நீங்க ஒரு ஆளுதான் பேப்பர்க்கார புத்தியோட வந்து நிக்கிய."

"நான் சிரிக்கல."

"சரி, டெலீட் பண்ணிருதேன். போதுமா?"

"போதாது. அழிச்சா எல்லாரும் பாத்தது அப்படியேதான் இருக்கும். ஸ்டாண்டு உன்னோடதுன்னு சொல்லு. ஒரு வரி."

அவர் குரல் இறங்கியது. "சாமி ஆடும்போது மேளத்துக்குப் பின்னால ஸ்டாண்டு வச்சேன்னு நானே சொன்னா, நாளைக்கு எந்தக் கொடையில அண்ணாச்சி என்ன உள்ள விடுவான்? சேனலே போயிரும்."

"இப்ப அவியள விடலியே?"

அவர் கெட்டவர் என்பதால் சொல்லாமல் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தனக்கு என்ன நடக்கும் என்பதைத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தார். அதே விஷயம் அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே நடந்துவிட்டது என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் நின்றார். அப்போது ஒரு பெண் திரைக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டும் என்று போனை நீட்டினாள். அவர் திரையைத் துடைத்து, தூசியை டேப்பில் ஒற்றி எடுத்து, ஒரு குமிழ் இல்லாமல் ஒட்டிக் கொடுத்தார். நான் போகும் வரை நிமிரவில்லை.

அன்று மாலை அந்த ஒலிப்பதிவைக் குழுவில் போட்டேன். கீழே நான்கு வரி எழுதினேன். ஸ்டாண்டு யாருடையது, எங்கே வைக்கப்பட்டிருந்தது, எது முதலில் நடந்தது, எது பிறகு. பெயரடை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. இவர்கள் காது உள்ளவர்கள். பம்பை அரை மாத்திரை தள்ளி விழுந்தால் கண்டுபிடிக்கிறவர்கள். கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

கேட்டார்கள். பதில்களும் வந்தன.

"அண்ணாச்சி, இது எந்த போன்? நாய்ஸே இல்லியே" என்று மின்வாரியத்துக்காரர்.

"ரெண்டாவது தவில் தனியா விழுது பாருங்க. கண்ணுல ஒத்திக்கலாம்" என்று பட்டாளத்துக்காரர்.

பேராசிரியர், "அருமையான ஆவணம்" என்றார்.

இலத்தூர் அண்ணன் தம்பியில் மூத்தவர், "இடையில டம்முன்னு ஒரு சத்தம் கேக்கே, அத மட்டும் கட் பண்ணிட்டு மீதி வாசிப்ப அனுப்புங்க அண்ணாச்சி. ரிங்டோனா வச்சுக்கிடுதேன்" என்று எழுதினார்.

அந்தச் செய்தியைப் பலமுறை படித்தேன். கிண்டலாக எழுதியிருந்தால் ஏசியிருப்பேன். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அந்த அம்மாவின் வாசிப்பு அவருக்கு வேண்டும், காலையில் கண் விழிக்கும்போது அது அடிக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு நடந்தது மட்டும் வேண்டாம். அத்தனை பேரும் அதைத்தான் கேட்டார்கள். ரசிகர்கள் என்று எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட பெயரை அன்று முதல் வாயால் சொல்ல எனக்குக் கூசுகிறது.

நான் மறுபடியும் எழுதினேன். "அந்த டம் என்ற சத்தம்தான் செய்தி. ஸ்டாண்டு வைத்தவர் இந்தக் குழுவில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் அவர் சொல்லாவிட்டால் அந்த அம்மாவின் ஆவணிக் கொடை போய்விடும்." இதைப் பார்த்தார்கள் என்பதற்கு நீல நிறக் குறிகள் வந்தன. சற்று நேரத்தில் அட்மின் எழுதினார்: "குழுவில் சண்டை சச்சரவு வேண்டாம். இசையை மட்டும் பேசுவோம்." அதற்கு இருபது பேர் கை கூப்பினார்கள். பிறகு அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டிவிட்டார்.

ஆள் ஆளாகப் போன் செய்தேன். பட்டாளத்துக்காரர் அன்று வேனில் என் பக்கத்து இருக்கையில் வந்தவர். ஸ்டாண்டு விழுந்தபோது, "போச்சு கேமரா" என்று முதலில் கத்தியவரும் அவர்தான்.

"நீங்க பாத்திய. கமிட்டிக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றேன்.

"பாத்தேன் அண்ணாச்சி, இல்லங்கல. ஆனா அவன் நம்ம பய. ஒரு மேளத்துக்காக நமக்குள்ள எதுக்கு?"

"போன வாரம் வரைக்கும் அந்த மேளத்துக்காக உயிரக் குடுப்பேன்னிய."

"அது பாட்டுக்கு. இது வேறல்லா" என்றார்.

பேராசிரியர், தான் அரசு வேலையில் இருப்பதாகச் சொன்னார். இலத்தூர் மூத்தவர் போனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தலைவரே கூப்பிட்டார். "சேனல்ல ஒண்ணும் காணலியே சார்" என்றார். நான் மட்டும் வந்து ஊர்க் கூட்டத்தில் பேசுகிறேன் என்றேன். "நீங்க அவியளுக்கு வேண்டிய ஆளுன்னுதான் பேசுவானுவ. போட்டவன் சொல்லாம இது நிக்காது" என்றார். அவர் சொன்னது சரி. திருத்தத்தைப் பிழை செய்த பத்திரிகைதான் போட வேண்டும். வேறு பத்திரிகை போட்டால் அது வெறும் எதிர்க்கட்சிப் பேச்சு.

அந்த அம்மாவிடம் நான்தான் சொன்னேன். போனில் அந்தப் பக்கம் யாரோ சீவாளியை மட்டும் ஊதிப் பார்க்கிற சத்தம் கேட்டது, தம்பியாக இருக்கும்.

"அவனுவ இனிமே எங் கொடைக்கு வந்து நிக்கட்டும்" என்றார். "நாதஸ்வரத்தாலயே அடிப்பேன். நீங்களும் அந்தக் கூட்டந்தான அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"போன வைக்கேன்."

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கொடை நடந்தது. வேறு செட்டு வாசித்தது. அந்த அம்மா வீட்டில் இருந்தார்.